நேபாளத்து ஜாங்க்ரியிடம் பார்வை பார்க்க: எந்த அமர்வு காசுக்குப் பெறுமதி?

காசி, பசுபதிநாத், முக்திநாத் மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்கும் யாத்திரை நிரல்களில், காத்மண்டுவில் ஒரு நாள் ‘ஓய்வு’ என்று போட்டிருப்பார்கள். ‘இமாலய ஷாமன் ஹீலிங்’, அதாவது ஜாங்க்ரி எனப்படும் நேபாளத்து மந்திரிப்பவரின் சிகிச்சை, என்ற துண்டுப்பிரசுரம் கைக்கு வருவது அன்றைக்குத்தான். மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு இது புதினமான சங்கதி இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு பார்த்து, பிள்ளைக்கு நாவூறு என்றால் தண்ணி ஓதி வாங்கி வளர்ந்த ஆட்களை மேளத்தைக் காட்டி மட்டும் மயக்க முடியாது. சடங்கு நடத்தும் எந்தக் கட்டாடியார் சரக்குள்ளவர், எவர் வாய்ச்சவடால் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதே கண்ணோடுதான் இந்தச் சேவையையும் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கிராமத்து வீட்டில் காலையில் அரிசியை வைத்துக் குறி சொல்லும் பார்வைக்கு ஐந்தில் நான்கு. ஹோட்டல் மொட்டைமாடியிலும் ‘ரிட்ரீட்’ மண்டபத்திலும் நடப்பதற்கு ஒன்றரை. இராமுழுக்க நடக்கும் சிந்தா என்ற சடங்குக்குப் புள்ளி போடுவது முறையல்ல, அது விலைக்குக் கொடுக்கும் பொருளே அல்ல.

ஜாங்க்ரி என்பது நேபாளியில் பொதுப்பெயர். தமாங் மக்கள் பொம்போ என்பார்கள், குருங் மக்கள் பச்யு, காம் மகர் மக்கள் ரம்மா, தாரு மக்கள் குருவா. நம்மூரில் மந்திரித்து நூல் கட்டுபவர் ஒருவர், கோயிலில் தெய்வம் ஏறி ஆடுபவர் இன்னொருவர் என்று பெரும்பாலும் பிரிந்து கிடக்கும் வேலையை அங்கே ஒருவரே செய்கிறார். பார்வை பார்ப்பதும், ஓதி ஊதுவதும், உடல் நடுங்க உரு ஏறி ஆடுவதும் அவர்தான். தமாங் ஊர்களில் லாமாவும் இருப்பார். செத்தவருக்கான கிரியை லாமாவுடையது, உயிரோடிருப்பவரின் வருத்தம் பொம்போவுடையது. பௌத்தநாத் தூபியைச் சுற்றி நிற்கும் லாமாக்களிடம் போய் ஜாங்க்ரி வேலையைக் கேட்கிற பயணிகள் இதனால்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

ஆளை அறிய ஒரு கேள்வி போதும்: குரு யார், எந்த ஊர்? கிராமத்து ஜாங்க்ரி யோசிக்காமல் பதில் சொல்வார். பலர் இரண்டு குருவைச் சொல்வார்கள். ஒருவர் மனித குரு. மற்றவர் பன் ஜாங்க்ரி, அதாவது சிறுவயதில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுக் குகையில் வைத்து மந்திரம் பழக்கும் காட்டுத் தெய்வம். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு, ஆனால் அந்த மரபுக்குள் வளர்ந்தவர் இதைக் கூச்சமில்லாமல் சொல்வார். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுபவர் வேறு தொழிலில் இருக்கிறார்.

ஹோட்டல் அமர்வில் என்ன பிழை? வந்தவுடன் பாயில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பித்தளைக் கிண்ணத்தைத் தட்டுவார்கள். ‘உங்கள் சக்தி விலங்கை, அதாவது உங்களுக்குத் துணைநிற்கும் மிருகத்தை, மனதில் தேடுங்கள்’ என்பார்கள். கிண்ணம் ஜாங்க்ரியின் கருவியல்ல. சக்தி விலங்கைத் தேடுவது அமெரிக்கப் பயிலரங்குகளிலிருந்து வந்த ஏற்பாடு. இதைவிடப் பெரிய பிழை, யாரும் ‘உங்களுக்கு என்ன வருத்தம்’ என்று கேட்பதில்லை. பத்துப் பேர் படுத்திருந்தால் பத்துப் பேருக்கும் ஒரே தட்டு. நோய் கேட்காமல் மருந்துத் துண்டு எழுதும் டொக்டருக்கு இவர்கள் சளைத்தவர்களல்ல. கட்டணமோ டொலரில். களைப்புத் தீரச் சற்றுக் கண்ணயர வேண்டுமென்றால் நல்லதுதான், அதற்கு ஹோட்டல் கட்டிலே போதும்.

இனிக் கிராமத்து அமர்வு. காத்மண்டுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலும், காவ்ரே, நுவாகோட், சிந்துபால்சோக், ரசுவா மாவட்டங்களின் தமாங் ஊர்களிலும் இது அன்றாட விசயம். ஜாங்க்ரிகளில் பெரும்பாலோர் கமக்காரர்கள். விடிந்து வயலுக்கு இறங்கும் முன் வந்தவர்களைப் பார்த்து அனுப்புவார்கள். பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால் ஆள் வீட்டில் இருக்கமாட்டார். ஆகவே முதல்நாள் இரவே அந்த ஊரில் ஹோம்ஸ்டேயில் தங்கி, வீட்டுக்காரர் மூலம் சொல்லி வைப்பதுதான் வழி. ஏஜென்சி மூலம் போனால் காசில் பெரும்பங்கு ஜாங்க்ரிக்குப் போகாது.

கொண்டுபோக வேண்டியது கொஞ்சம்தான். ஒரு மானா பச்சரிசி (மானா என்பது அவர்களுடைய படி, அரை லீற்றருக்குச் சற்றுக் கூட). நொய் கலக்காத முழு அரிசியாக இருக்கட்டும், புழுங்கல் சரிவராது. ஒரு கட்டு ஊதுபத்தி, ஒரு துண்டு இஞ்சி, ஒரு முட்டை. அரிசிமேல் வைக்கும் காசுக்கு பேட்டி என்று பெயர். நம்மூர் வட்டாவில் வைப்பதுபோலவே 101, 501 என்று ஒற்றையில் முடிவது நல்லது. இவ்வளவு தா என்று கேட்பது மரபில்லை. ‘உங்கள் மனம்போல’ என்றால், ஹோம்ஸ்டே வீட்டுக்காரரிடம் ஊர் வழக்கத்தைக் கேட்டு அதைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நேபாள ரூபாய் நம்முடையதில் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல்.

முதல் கட்டம் ஜோகானா, அதாவது பார்வை. அரிசியை நெற்றியில் தொட்டுத் தட்டில் போடுவீர்கள். பெயர், வயது, வருத்தம் தொடங்கிய நாள், அதற்கு முன் எங்கெங்கே போனது என்றெல்லாம் விசாரிப்பார். நாடி பிடிப்பார். நாலு விரலால் அரிசியைக் கிள்ளி உள்ளங்கையில் பரப்பி, மணிகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார். பிடிபடாவிட்டால் தட்டில் கொட்டிவிட்டு மறுபடி கிள்ளுவார். இந்த இடத்தில் அவசரப்படுத்தினால் மொத்த அமர்வும் வீண்.

பிறகு காரணம் சொல்வார். கிரகம், நீர்நிலையில் இருக்கும் நாகம், சுடலைக்குரிய மசான், பூசை கிடைக்காத குலதெய்வம், அல்லது சாத்தோ போய்விட்டது. சாத்தோ என்பது வெருட்சியில் உடம்பைவிட்டு விலகும் உயிர்க்கூறு. வெருண்ட பிள்ளைக்கு நம் ஆச்சிமார் செய்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அங்கே அதைப் பெயர் சொல்லித் திரும்ப அழைப்பார்கள்.

இரண்டாம் கட்டம் ஜார்ப்பூக். அம்ரிசோ என்ற புல்லில் கட்டிய விளக்குமாறு, அல்லது தீதேபாத்தி என்ற மாசிபத்திரி இனத்துக் கசப்புத் தழை. நாம் வேப்பிலை பிடிக்கும் இடத்தில் அவர்கள் இதைப் பிடிக்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை வாரி இறக்கி, மந்திரத்தை முணுமுணுத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் ஊதுவார். சாம்பல் பூசுவார். தேவையென்றால் நூல் முடிந்து கழுத்தில் கட்டி, எதை எத்தனை நாள் தின்னக்கூடாது என்று பத்தியம் சொல்வார். எல்லாம் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

மேளம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: காலைப் பார்வையில் மேளம் பலவேளை வெளியே வராது. ‘ஒருக்கா அடித்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது, சடங்கில்லாத நாளில் கோயிலுக்குப் போய்த் தெய்வம் ஆடிக் காட்டச் சொல்வதற்குச் சமம். முகம் சுளிப்பார்கள்.

புள்ளி ஒன்று குறைவது ஜாங்க்ரியால் அல்ல, மொழிபெயர்ப்பால். அவர் தமாங்கில் பேச, வீட்டுக்காரர் நேபாளிக்கு மாற்ற, வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்ல, குழுவில் ஒருவர் தமிழாக்க, நாலாவது வாயில் வரும்போது ‘ஏதோ கெட்ட சக்தியாம்’ என்று முடிந்துவிடும். மந்திரத்தை யாரும் மொழிபெயர்க்க வேண்டாம். கேள்விகளும் காரணமும் பத்தியமும் மூன்றும் மட்டும் முழுதாக வரட்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஹிந்தி தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் ஒரு வாய் மிச்சம், ஊரில் பலருக்கு அது விளங்கும்.

சிந்தா வேறு தரம். ஒரு வீட்டில் தீராத வருத்தம் இருந்தால், இருட்டியபின் தொடங்கி விடியும்வரை போகும். வெள்ளைப் பாவாடை அங்கி, உருத்திராட்சமும் கறுப்பு ரித்தா விதையும் கோத்த மாலைகள், மார்பில் குறுக்கே வெண்கல மணிகள், தலையில் மயிலிறகு. கையில் தியாங்ரோ: இருபக்கமும் தோல் போட்ட மேளம், கீழே கூர்நுனிக் கத்திபோல் செதுக்கிய மரப்பிடி, அடிக்க வளைந்த பிரம்பு. பாட்டில் அந்த வீட்டு வாசலிலிருந்து மலைவரை ஊர் ஊராகப் பெயர் சொல்லி நடப்பார்கள். சடங்கில் ஏடு படிப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த நடை பிடிபடும், சொல் பிடிபடாது. அழைப்பு இருந்தால் மட்டும் போங்கள். காட்டிய இடத்தில் இருங்கள், மேளத்தையும் அரிசித் தட்டையும் கடக்காதீர்கள், படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். சேவல் அறுக்கும் வழக்கம் உண்டு. முக்திநாத்துக்கு விரதமிருந்து போகிறவர்கள் இதை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. ரக்ஸி என்ற சாராயமும் சுற்றும், வேண்டாமென்றால் யாரும் வற்புறுத்துவதில்லை.

கும்பலாகப் பார்க்க ஆசையென்றால் ஜனை பூர்ணிமா உண்டு. நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டிய அதே பௌர்ணமி. கோசாய்குண்டம் என்ற மலை ஏரியிலும் (4,380 மீற்றர்) காளிஞ்சோக் பகவதி கோயிலிலும் ஜாங்க்ரிகள் மேளத்தோடு கூடுவார்கள். மழைக்காலம் என்பதால் வீதி சரியும், நடைபாதையில் அட்டை. மலைக்கு ஏற முடியாதவர்களுக்குக் காத்மண்டுவை அடுத்த பாட்டன் நகரத்துக் கும்பேஸ்வரர் கோயில் போதும்.

இங்கே ஒரு விசயத்தில் கடுமையாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டின் உச்சி பிதுருதலாகல, 2,524 மீற்றர். முக்திநாத் 3,700 மீற்றருக்கும் மேலே. மட்டத்தரையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அங்கே தலையிடி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் அது மசானுமல்ல, நாகமுமல்ல, உயரம். தள்ளாடினால், இருந்த இடத்திலேயே மூச்சு வாங்கினால் உடனே கீழே இறக்க வேண்டும். மந்திரிக்கச் சொல்லித் தாமதித்தால் உயிர் போகும். பசுபதிநாத்தில் குரங்கோ தெருநாயோ கடித்தாலும் அப்படித்தான்: சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் விசர்நாய்க்கடி ஊசி. நேபாளத்திலேயே பல சுகாதாரத் திட்டங்கள் ஜாங்க்ரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, இப்படிப்பட்டவர்களை வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கின்றன. நல்ல ஜாங்க்ரி தானாகவே அனுப்புவார். நீரிழிவுக்கும் பிறஷருக்கும் போடும் குளிசையை நிறுத்தச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

வாயாலோ குழாயாலோ உடம்பிலிருந்து அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் சில இடங்களில் நடக்கிறது. தோல் கீறுப்பட்டால் தொற்று வரும், அதற்கு உடன்படாதீர்கள். ‘உங்களுக்குச் செய்தது இன்னார்’ என்று ஒரு பெண்ணைக் கைகாட்டினால் அதோடு அமர்வை முடியுங்கள். பொக்சி, அதாவது சூனியக்காரி, என்று குற்றஞ்சாட்டப்பட்டு அடிபட்ட பெண்கள் அங்கே பலர். அதனால்தான் 2015இல் அதைத் தண்டிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். ‘பெரிய தோசம், இன்னும் மூன்று பூசை வேண்டும், இவ்வளவு காசு’ என்ற பல்லவியை மட்டும் விளக்கத் தேவையில்லை, அது நமக்கு மனப்பாடம்.

நேரக்கணக்கு: சார்க் நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா நமக்கு இலவசம், அவசரம் வேண்டாம். கிராமத்து அமர்வுக்கு ஓர் இரவும் ஒரு காலையும் ஒதுக்குங்கள். முக்திநாத் போய் இறங்கி, உடம்பு பழைய நிலைக்கு வந்தபின் வைத்துக்கொண்டால் உயரத்தால் வந்த வருத்தமும் மற்றதும் கலக்காது.

காத்மண்டுவின் பயணிகள் கடைத்தெருவான தாமேலில் தியாங்ரோ மேளம் வாங்குகிறவர்கள் புதிதாகச் செய்ததையே வாங்குங்கள். நூறு வருசத்துக்கு மேற்பட்ட பொருளை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுவர முடியாது. பழசுபோல் தெரிந்தாலே விமான நிலையத்தில் தொல்லியல் திணைக்களத் துண்டு கேட்பார்கள். எலும்பு, பல், செதில் வைத்துக் கட்டிய எதையும் தொடாதீர்கள், சுங்கத்தில் பறிபோகும். வாங்கி வந்த மேளம் மட்டக்களப்பு ஈரக்காற்றில் தோல் தளர்ந்து டொப் டொப் என்று கேட்கும். தோலை நெருப்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காய்ச்சினால் இறுகும். கிட்டப் பிடித்தால் வெடிக்கும்.