வேலூர் கோட்டைக்குப் பேக்கேஜ் டூர் புக் பண்ணப் போகிறவர்கள் படித்துவிட்டுப் பண்ணுங்கள்

முதலில் ஒரு விஷயம். வேலூர் கோட்டைக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமி கும்பிடவும் காசு வேண்டாம். அரசு அருங்காட்சியகத்துக்கு மட்டும் சின்னதாக ஒரு கட்டணம் உண்டு, அதுவும் வெள்ளிக்கிழமை திறக்காது. இந்த மூன்றும் தெரிந்திருந்தும் எங்கள் குடும்பத்திடம் ஒரு டூர்காரர் எப்படிப் பணம் கறந்தார் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். ஆள் மாறினாலும் இந்த வேலை மாறாது என்பதால் எனக்கும் அது சரியாகவே பட்டது.

எங்கள் வீடு ராணிப்பேட்டையில். மே மாத லீவுக்கு மதுரையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. பெரியவர், சிறியவர் எல்லாம் சேர்த்து ஒன்பது பேர். அத்தைக்கு முழங்கால் வலி, பஸ் ஏறி இறங்க முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு விளம்பரத்தில் "ஒருநாள் குடும்பச் சுற்றுலா, வீட்டு வாசலில் பிக்கப், தலைக்கு 1,200 ரூபாய், எல்லாம் சேர்த்து" என்று போட்டிருந்தது. ஏசி வேன், கைடு, எல்லா நுழைவுக் கட்டணமும், மதியம் ஆம்பூர் பிரியாணி, அகழியில் படகுச் சவாரி, ஆற்காட்டில் பழைய கோட்டை வாசலான டெல்லி கேட், ஸ்ரீபுரம் தங்கக் கோயில் என்று பட்டியல் நீளமாக இருந்தது. போனில் பேசியவர் வாய்க்கு வாய் "மேடம், மேடம்" என்றார். 4,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினோம். மீதி 6,800 ரூபாயை வேன் ஏறும்போதே டிரைவரிடம் கொடுக்கச் சொன்னார். முழுப் பணத்தையும் ஏறும்போதே கேட்டார்கள் என்றால் அங்கேயே வேனை அனுப்பிவிடுங்கள். பாக்கி என்று ஏதாவது நம் கையில் இருந்தால்தான் சாயந்திரம் வரை அவர்களுக்கு மரியாதை வரும்.

ஏசி கொஞ்ச தூரம் போவதற்குள் நின்றுவிட்டது. "கேஸ் தீர்ந்துருச்சுண்ணா" என்றார் டிரைவர். அக்னி நட்சத்திர வெயிலில், அதுவும் எங்கள் ஊர் வெயிலில், ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். டெல்லி கேட்டை வேன் ஜன்னல் வழியாகவே காட்டினார்கள். "நிறுத்தினா டிராபிக்ல மாட்டுவோம்" என்று சொல்லிவிட்டு வண்டி பறந்தது. மாமா ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார். 1751-ல் ராபர்ட் கிளைவ் இந்த ஆற்காட்டில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையைப் பேரன்களுக்குச் சொல்ல ஆரம்பித்து, வாயை மூடுவதற்குள் டெல்லி கேட் பின்னால் போய்விட்டது.

டிராபிக்குக்குப் பயந்த அதே டிரைவர் அடுத்ததாக ஒரு லெதர் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். அங்கே அவருக்கு எந்த அவசரமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ராணிப்பேட்டை ஆட்களான எங்களிடமே "ஃபேக்டரி விலை" என்று பெல்ட்டை நீட்டினார் கடைக்காரர். தோல் தொழிற்சாலை வாசனையிலேயே வளர்ந்தவர்கள் நாங்கள்! கமிஷன் கடை என்பது எல்லோருக்கும் புரிந்தது. அந்த ஒரு மணி நேரம் கோட்டையில் நாங்கள் இருந்திருக்க வேண்டிய நேரம் என்பதுதான் எரிச்சல்.

கோட்டை வாசலுக்குப் போகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பையன் வந்தான். "ஆர்க்கியாலஜி அப்ரூவ்டு கைடு சார்" என்றான். அட்டையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். அதில் அந்த டூர் கம்பெனி லோகோவைத் தவிர ஒன்றுமில்லை. அகழியில் அன்றைக்குப் படகு எதுவும் ஓடவில்லை. "சீசன் இல்ல மேடம்" என்றான். பள்ளிக்கூட லீவில் இல்லாத சீசன் வேறு எப்போது வருமோ. அகழியில் இப்பவும் ரெண்டு முதலை இருக்கிறது, ராத்திரியில் மட்டும்தான் மேலே வரும் என்றும் சொன்னான். நாத்தனார் மகன் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

அப்புறம் பெரிய விஷயத்துக்கு வந்தான். "இந்தக் கோட்டையிலதான் திப்பு சுல்தான் வெள்ளைக்காரனை எதிர்த்து 1806-ல சண்டை போட்டாரு."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் வகுப்பில் பையன்கள் அமைதியாகிவிடுவார்களாம்.

"தம்பி, திப்பு செத்தது 1799-ல. ஸ்ரீரங்கப்பட்டணத்துல. ஏழு வருஷம் கழிச்சு இங்க எப்படிப்பா எழுந்து வந்தாரு?"

"ரெகார்டுல பாத்துதான் சார் சொல்றோம்."

"எந்த ரெகார்டு?"

பையனுக்கு அதற்குப் பிறகு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே போனவன் திரும்பி வரவே இல்லை. கைடு கட்டணம் தலைக்கு நூறு ரூபாய் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மீதியை மாமாவே சொன்னார், கோயில் மண்டபத்து நிழலில் உட்கார வைத்து. திப்பு செத்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இந்தக் கோட்டைக்குள்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்தார்கள். சிப்பாய்கள் நெற்றியில் விபூதி, நாமம் வைக்கக் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தொப்பி மாதிரி இருக்கும் புதுத் தலைப்பாகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1806 ஜூலை 10 விடிவதற்கு முன்னால் கிளம்பியது கலகம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள், கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். உள்ளே செத்த நம் சிப்பாய்கள் எத்தனையோ நூறு பேர். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். சென்னை கவர்னர் பென்டிங்க்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. 1857-க்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. பேரன்கள் வாய் திறக்காமல் கேட்டார்கள். முதலை பயம்கூட மறந்துபோனது.

"சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரை நக்கலடிப்பது பழைய வழக்கம். அதில் முதலாவது 1981-லேயே தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை அந்த வருடம் மார்ச்சில் கொண்டுவந்து வைத்தார்கள். பல நூறு வருடம் பூஜை இல்லாமல் கிடந்த கோயில் அது. கல்யாண மண்டபத் தூண்களை மட்டும் பார்க்கவே அரை நாள் வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது, டிரைவர் ஹாரன் மேல் ஹாரன். திப்பு மஹால் உள்ளே கூட்டிப்போவதாக விளம்பரத்தில் இருந்தது, போய்ப் பார்த்தால் பூட்டு. அருங்காட்சியகமும் பூட்டு, வெள்ளிக்கிழமை ஆயிற்றே. வெள்ளிக்கிழமை மூடியிருக்குமே என்று புக் பண்ணும்போதே நான் கேட்டேன். "நமக்குத் தனியா திறப்பாங்க மேடம்" என்றார் அந்த ஆள். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆம்பூர் பிரியாணி பைபாஸ் ஓரத்தில் புளிசாதப் பொட்டலமாக மாறியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

தங்கக் கோயிலில் அரை டிராயர் போட்டவர்களை உள்ளே விட மாட்டார்கள். செல்போனுக்கும் அனுமதி இல்லை. கோயில் வைத்த விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை முன்கூட்டியே சொல்வது டூர்காரர் வேலை. சொல்லவில்லை. நாத்தனார் வீட்டுக்காரர் வாசலில் வேட்டி வாங்கிக் கட்டினார். நட்சத்திர வடிவப் பாதையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. அத்தை வேனிலேயே உட்கார்ந்துவிட்டார், அந்த ஏசி இல்லாத வேனில்.

வீட்டுக்கு வந்ததும் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டேன். முதலில் பதில் இல்லை. விடாமல் கேட்டதும் ஒரு கணக்கு அனுப்பினார். தலைக்குக் கோட்டை நுழைவு 50, கோயில் சிறப்பு தரிசனம் 100, படகு 80, அருங்காட்சியகம் 50, கைடு 100. இலவசமானதுக்கும் பூட்டியிருந்ததுக்கும் ஓடாததுக்கும் ஓடிப்போனதுக்கும் சேர்த்துத் தலைக்கு 380, ஒன்பது பேருக்கு 3,420 ரூபாய். டிக்கெட் எங்கே என்றேன். "செஞ்சிக் கோட்டைக்கு டிக்கெட் இருக்குல்ல மேடம், அதே மாதிரிதான்" என்றார். செஞ்சிக்கு உண்டு, உண்மை. வேலூருக்கு இல்லை. வெளியூர் ஆட்களை ஏமாற்ற இந்த ஒரு வாக்கியம் போதும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒருநாள் ஓய்வில் பக்கத்தில் இருக்கும் கோட்டையைப் பார்க்க ஆசைப்படுவார்கள். நாளைக்கு அவர்களிடமும் இதைத்தான் சொல்வார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தேன். வாய்ஸ் மெசேஜ், ஜிபே ரசீது, விளம்பரப் படம், அவர் அனுப்பிய கணக்கு, எல்லாம் பத்திரமாக இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் நான் புகார் கொடுத்த பிறகு அந்த ஆள் தன் விளம்பரத்தில் "படகு" என்ற வார்த்தையை எடுத்துவிட்டார். 1915 புகாருக்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை.

கோட்டைக்கு மட்டும் போவதென்றால் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். காலையில் சீக்கிரம் போங்கள், வெள்ளியைத் தவிருங்கள், கைடு வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை கொடுத்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

புகாருக்குப் பிறகு 1,000 ரூபாய் திரும்பி வந்தது. "குட்வில்லுக்காக" என்று ஒரு குறிப்பு வேறு. பாக்கி 2,420 ரூபாய்க்கு மாமா தன் கையெழுத்திலேயே மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் 1799 எதற்கு மாமா என்று கேட்டால், கைடு கட்டணம் ஏன் செல்லாது என்பதற்கு அதுதான் ஆதாரம் என்கிறார்.