ஹாப்சன்-ஜாப்சன்: மெனு கார்டு அடிக்கிறவனுக்கு உதவும் அகராதி

ஓட்டல்களுக்கு மெனு கார்டு அடிப்பது என் பிழைப்பு. 'முல்லிகடானி சூப்' ஓட்டலுக்கு ஓட்டல் ஒவ்வொரு ஸ்பெல்லிங்கில் வரும். எது சரி என்று பார்க்கப் போய்த்தான் ஹாப்சன்-ஜாப்சன் அகராதி பழக்கமாயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் இலவசம்.

வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தபோது தங்கள் ஆங்கிலத்தில் கலந்து புழங்கிய நம்மூர்ச் சொற்களைத் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஏ.சி. பர்னெலும். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவர்தான். 1882-ல் அவர் இறந்துவிட, யூல் முடித்து 1886-ல் கொண்டுவந்தார். சிகாகோ தளத்தில் கிடைப்பது 1903-ல் வந்த திருத்திய பதிப்பு. தலைப்பே ஒரு கூத்து: மொஹரத்தில் எழுப்பும் 'யா ஹசன், யா ஹுசைன்' முழக்கம் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

முல்லிகடானிக்கு 'மிளகுத்தண்ணீர்' என்று மூலம் சொல்வதோடு விடவில்லை. யார், எந்த வருஷம் எப்படி எழுதினார்கள் என்று சான்றுகளை அடுக்குகிறார்கள். 1784-ல் ஒரு பாட்டு: ஹைதர் அலியிடம் பிடிபட்ட கடற்படைக்காரர் ஒருவர், பெங்களூர் ஜெயிலில் முல்லிகடானியும் கஞ்சியும்தான் சாப்பாடு என்று புலம்புகிறார். இன்றைக்கு கிளப்புகளில் வெள்ளைப் பீங்கானில் வைக்கும் அயிட்டம்! சென்னை மாகாண அதிகாரிகளுக்கே இதைச் சுருக்கி 'மல்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

குறை உண்டு. தமிழ்ச் சொல்லையும் ரோமன் எழுத்தில்தான் போடுகிறார்கள். மேலும் கீழும் புள்ளி, கோடு. ஆங்கில ஸ்பெல்லிங் தெரியாமல் தேடினால் சுருட்டும் கட்டுமரமும் சுலபத்தில் அகப்படாது. சில பதிவுகளில் துரைத்தனம் தூக்கலாகவே இருக்கும், பிள்ளைகளிடம் கொடுக்கும்போது கூட உட்காருங்கள். என் ஸ்பெல்லிங் தகராறும் தீரவில்லை, சான்றுகளிலேயே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லின் பொருள் மட்டும் போதுமென்றால் வேறு அகராதி போதும். வேர் தேடுகிறவர்கள் 'கறி'யில் தொடங்கலாம். பதிவு நீளம், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் என்னைத் திட்டக் கூடாது.