ஒழுகிய குளியலறையும் அதைச் சரிசெய்த சின்னக் குத்தகையாளரும்

போன வருடம் தீபாவளி முடிந்த மறுவாரம், கீழ் வீட்டு மக்சிக் (மலாயில் மூத்த பெண்மணியை இப்படித்தான் கூப்பிடுவோம்) வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுக் குளியலறை சிலிங்கைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். மஞ்சளாக ஒரு வட்டம், நடுவில் கறுப்புப் பூஞ்சை, ஓரத்தில் சாயம் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. ஏனென்றால் இது இரண்டாவது முறை.

முதல் முறை ஒழுகியபோது, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டோம். பழைய டைல்ஸ் மேலேயே ஏதோ ஒரு திரவத்தைத் தடவினார். இடுக்குகளில் சிலிக்கான் வைத்தார். அரை நாள் வேலைக்கு 1,200 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். நாலு மாதம் தாங்கியது. அப்புறம் அழைத்தால் எடுக்கவே இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான புகாரை வக்கீல் இல்லாமலே அங்கே கொடுக்க முடியும். ஆனால் என் கையில் ரசீது இல்லை, நிறுவனத்தின் பெயர் இல்லை, என்ன வேலை செய்வதாகச் சொன்னார் என்பதற்கு ஒரு வரி எழுத்து இல்லை. யார் மேல் புகார் கொடுப்பது?

நாங்கள் இருப்பது பினாங்கில், கெலுகோரில் பழைய அடுக்குமாடி ஒன்றில். 2015ஆம் ஆண்டு வந்த அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, ஒரு வீட்டின் சிலிங்கில் கசிவு தெரிந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது மேல் வீட்டிலிருந்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். வந்து பார்த்தார்கள். எங்கள் தரைதான் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த முறை மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரே வரியில் அனுப்பினார்: டாய்லெட் ரிப்பேர், எல்லாம் சேர்த்து 3,800. இன்னொருவருக்கு ஷோரூம் இருந்தது. உட்கார வைத்து, கோப்பி கொடுத்து, எங்கள் குளியலறை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று கணினியில் படமே போட்டுக் காட்டினார்கள். 9,500 வெள்ளி. படம் அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

மூன்றாவது ஆள்தான் நான் எழுத வந்த ஆள். கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி சொல்லி வந்தவர். அவரும் இரண்டு வேலையாட்களும், ஒரு பழைய வேன், அவ்வளவுதான் நிறுவனம். பெயரையும் எண்ணையும் வெளியே போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். கையில் இருக்கும் வேலைக்கே மூன்று மாதம் ஆகுமாம். அதனால் இங்கே தம்பி என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வந்தவுடன் எங்கள் குளியலறைக்குள் போகவில்லை. முதலில் கீழ் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். மக்சிக்கிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய், கறையின் நடுவிலிருந்து இரண்டு பக்கச் சுவருக்கும் டேப் பிடித்து அளந்து கையில் எழுதிக்கொண்டார். மேலே வந்து அதே அளவை எங்கள் தரையில் பிடித்தார். டேப்பின் நுனி கழிவுநீர்க் குழாய் பக்கத்தில் போய் நின்றது.

“அக்கா, தரை முழுசும் ஒழுகல. குழாய் தரையைத் துளைச்சுக்கிட்டு இறங்குற இடம் விட்டுப்போயிருக்கு. ஆனா அதை மட்டும் அடைச்சா மறுபடியும் வரும். டைல்ஸுக்கு அடியில இருக்குற பழைய பூச்சு செத்துப்போச்சு,” என்றார். அதுவரை யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை.

இரண்டு நாள் கழித்து கொட்டேஷன் வந்தது. 6,900 வெள்ளி, இரண்டு பக்கம். உடைத்து எடுப்பது, குப்பை அப்புறப்படுத்துவது, குழாய் மாற்றுவது, வாட்டர்ப்ரூஃப் இரண்டு பூச்சு, தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, டைல்ஸ் பதிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கடைசியில் ‘இதில் அடங்காதவை’ என்று தலைப்பிட்டு நாலு வரி: டைல்ஸ் விலை, ஹீட்டர் வயரிங், நிர்வாகத்துக்குக் கட்டும் முன்பணம், கீழ் வீட்டு சிலிங் சாயம். இந்த நாலு வரியைப் படித்ததும்தான் இவருக்கே வேலையைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பாதி வேலையில் நிறுத்தி, இது சேராதும்மா, அது சேராதும்மா என்று கேட்டு வாங்கும் கதைகளை எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! இவர் அதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பணமும் அப்படித்தான். தொடங்கும்போது 20 விழுக்காடு, உடைத்துக் குழாய் மாற்றியதும் 30, தண்ணீர் தேக்கிப் பார்த்து ஒழுகவில்லை என்றால் 30, டைல்ஸ் முடிந்ததும் 15, ஒரு மாதம் கழித்துக் கடைசி 5. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியின் பதிவு ஜி1 என்று எண்ணோடு போட்டிருந்தார். சின்ன வேலைகளை எடுக்கும் குத்தகையாளர்களுக்கான தரம் அது. சிஐடிபி இணையத்தளத்தில் தேடிப் பார்த்தேன், இருந்தது.

இந்த இடத்தில் என் அக்கா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயான் பாருவில் சாயம் அடிக்கும் வேலையைச் சொந்தமாகத் தொடங்கி ஒரு வருடம் ஆகிறது. நல்ல பையன், கை சுத்தம். “சித்தி, விலையைக் குறைச்சாத்தான் வேலை கிடைக்குது. குறைச்சா கையில ஒன்னும் நிக்கல,” என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னான். இந்தக் கொட்டேஷனை அவனிடம் கொடுத்து, நான் ஏன் 3,800ஐ விட்டுவிட்டு 6,900ஐ எடுத்தேன் என்று நீயே படித்துச் சொல் என்றேன். நேரம் கிடைக்கும்போது வந்து வேலையையும் பார்க்கச் சொன்னேன்.

வேலை தைப்பூசம் முடிந்த பிறகு தொடங்கியது. உடைத்த முதல் நாளே லிஃப்ட் தரையிலும் சுவரிலும் அட்டை ஒட்டினார்கள். குப்பையைச் சாக்கில் கட்டி அன்றன்றைக்கே இறக்கினார்கள். குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கொத்தி, புதிய சாந்து வைத்து இறுக்கினார்கள். சுவரும் தரையும் சேரும் மூலைகளைச் சாந்தால் வளைத்து, அதன்மேல் வலைத்துணி ஒட்டினார்கள். கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் முதலில் விரிசல் விடுவது அந்த மூலைதானாம். முதல் பூச்சு நீளவாக்கில். அது காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு குறுக்குவாக்கில். சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றி, குளிக்கும் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்குப் பூசினார்கள்.

நான் வேலைக்குப் போகிறவள், பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். அதனால் சாயங்காலம் தவறாமல் புலனத்தில் படங்கள் வரும். வெறும் படம் இல்லை. பூச்சு ஏறிய உயரம் தெரியும்படி டேப்பைப் பக்கத்தில் வைத்து எடுத்த படம். புதைக்கப்போகும் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் படம். “நாளைக்கு இது மேல டைல்ஸ் வந்துரும், அப்புறம் நீங்க பார்க்க முடியாது,” என்று கீழே ஒரு வரி. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. பளபளவென்று தெரியும் வேலையை எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். மூடப்போகும் வேலையை எடுத்து அனுப்பியவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

அப்புறம் தண்ணீர். வடிகால் வாயை அடைத்து, தரை முழுவதும் இரண்டு அங்குலம் தேக்கினார். நீர்மட்டம் நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியும் நேரமும் எழுதினார். 48 மணி நேரம் யாரும் தொடக்கூடாது. அந்த இரண்டு நாளும் காலையில் எழுந்ததும் நான் போய் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பேன். மக்சிக் கீழே சிலிங்கைப் பார்ப்பார். இரண்டாம் நாள் காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது படம் வந்தது, கூடவே குரல் பதிவு: “சுடா கெரிங் லா!” காய்ந்துவிட்டது என்று மக்சிக் மலாயில் சொன்ன அந்த நேரம் என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதமாக அந்த வீட்டுக்காரர்களை லிஃப்டில் பார்க்கவே கூசிப்போயிருந்தவர் அவர்.

அந்த இரண்டு நாளும் தம்பிக்கு எங்கள் வீட்டில் வேலை ஓடாது. அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நாளை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். இவர் அதைக் கொட்டேஷனிலேயே நாளோடு சேர்த்து எழுதி வைத்திருந்தார்.

டைல்ஸ் முடிந்ததும் நான் ஒரு வேலை செய்தேன். என் அப்பா முப்பது வருடம் கொத்து வேலை செய்தவர். எந்த வீட்டுக்குப் போனாலும் 20 காசு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார். அடியில் பசை முழுதாகப் பரவியிருந்தால் சத்தம் கெட்டியாக வரும். காலியாக இருந்தால் ‘டொக்’ என்று வேறு மாதிரி கேட்கும். நானும் ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். கதவுப் பக்கச் சுவரில் இரண்டு கல் ‘டொக்’. தம்பியிடம் சொன்னேன். அவரும் காதை வைத்துக் கேட்டார். “ஆமாக்கா,” என்று சொல்லி, அன்றைக்கே இரண்டையும் பெயர்த்து மாற்றிவிட்டார்.

குறையும் இருக்கிறது. 9 நாள் என்று சொன்ன வேலை 13 நாள் ஆனது. பிறை ஊரிலிருந்து டைல்ஸ் வரத் தாமதம், நடுவில் ஒரு வேலையாளுக்குக் காய்ச்சல். காரணம் சரிதான். ஆனால் அந்த நாலு நாளும் கூடுதலாக ஒரே குளியலறையில் சமாளித்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பகலில் அழைத்தால் எடுக்க மாட்டார், இரவு எட்டு மணிக்கு மேல்தான் பேசுவார். அவசரத்துக்கு இன்னொரு எண் கொடுத்திருக்க வேண்டும். கதவின் அடிப்பகுதியில் சிமெண்ட் ஒட்டியிருந்ததை நான்தான் சுரண்டினேன்.

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார், அது எனக்குப் பிடித்தது. ஹீட்டர் வயரிங்கை அவர் தொடவில்லை. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரைக் கூட்டி வந்தார். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் சுவர் வேலை வந்ததாம், அதையும் விட்டுவிட்டாராம். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நின்று சுவரை அரிக்கும். “சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆள் இருக்காங்க, அவங்க கிட்ட அனுப்பிட்டேன்,” என்றார். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊரில், அந்த ஒரு சுவராவது தப்பித்தது.

அக்கா மகன் இப்போது கொட்டேஷனை வேறு மாதிரி எழுதுகிறான். எத்தனை பூச்சு, எந்தச் சாயம், அடிக்கும் முன் விரிசலை எதால் அடைப்பது, எது விலையில் சேராது, எல்லாமே தனித்தனி வரி. அடைத்த விரிசல்களைச் சாயம் ஏறும் முன் படம் எடுத்து அனுப்புகிறான். இப்படி எழுதிக் கொடுத்த முதல் மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது, மற்ற இரண்டும் விலை குறைத்தவருக்குப் போய்விட்டன. கிடைத்த அந்த ஒரு வீட்டுக்காரர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை என்றான். சொல்லும்போதே அவன் முகம் தெளிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்துத் தம்பி வந்தார். முதலில் கீழ் வீட்டுக்குப் போய் சிலிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறி வந்தார். மீதி 345 வெள்ளியைக் கொடுத்தேன், ரசீது எழுதிக் கொடுத்தார். மக்சிக் சிலிங்குக்குச் சாயத்தை என் அக்கா மகனே அடித்தான். எங்கள் இரண்டாவது குளியலறைக்கும் இவரிடமே சொல்லிவைத்திருக்கிறேன். ஆகஸ்டில் தேதி கொடுத்திருக்கிறார்.