அமெரிக்காவுக்கு எடுத்துப்போக 110 வோல்ட் கிரைண்டர்: பெங்களூரு அல்சூரில் வாங்கிய அனுபவம்

வரும் ஆகஸ்டில் வட கரோலினாவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேரப்போகிறேன். பரிமாற்றத் திட்டத்தில் போகும் ஆசிரியர்களுக்கான ஜே-1 விசா, மூன்று வருடம். பள்ளிக்குப் பிடித்திருந்தால் இன்னும் இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும் என்னோடு வருகிறாள். விமான டிக்கெட் போடுவதற்கு முன்னாலேயே நான் வாங்கிய பொருள் இந்த இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர். என்னைப் போல் குடும்பத்தோடு கிளம்பும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இதே கேள்வியோடு இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் வெளிநாட்டுக்குப் போவது இது முதல் முறை இல்லை. 2013 முதல் 2020 வரை மஸ்கட்டில் ஓர் இந்தியப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஓமனில் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்குதான் ஹெர்ட்ஸ்); ஏறக்குறைய இங்கே இருப்பதைப் போலத்தான். பெங்களூரு வீட்டில் ஓடிய கிரைண்டரை அப்படியே கொண்டுபோய், பிளக்கை மட்டும் மாற்றி ஏழு வருடம் ஓட்டினோம். ஆகவே அமெரிக்கா என்று முடிவானதும் என் கணவர் நேராக ஒரு பெரிய கடைக்குப் போய், "இரண்டு பக்கமும் மாற்றும் சார், எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்" என்று சொன்னதை நம்பி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வோல்டேஜ் கன்வர்ட்டரை 1,900 ரூபாய்க்கு வாங்கி வந்துவிட்டார். பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். மோட்டார் உள்ள சாதனங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். மறுநாளே போனோம். திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விற்பவருக்கே தெரியாத பொருளை இத்தனை உறுதியாகச் சொல்லி விற்கிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சரி, கனமான, நல்ல டிரான்ஸ்பார்மரே வாங்கினால் இங்கத்திய கிரைண்டர் அங்கே ஓடாதா? ஓடும், ஆனால் ஒழுங்காக ஓடாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை ஏற்றும், இறக்கும், ஹெர்ட்ஸைத் தொடாது. அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார்; அதன் வேகம் ஹெர்ட்ஸைப் பின்பற்றித்தான் போகும். நான்கு துருவ மோட்டார் என்றால் இங்கே நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குச் சற்றுக் கீழே, அங்கே 1,800-க்குச் சற்றுக் கீழே. வேகம் கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வோல்டேஜ் அதே 230-ஆக இருந்து ஹெர்ட்ஸ் மட்டும் கூடும்போது மோட்டாரின் காந்தப்புலம் ஆறில் ஐந்து பங்காகக் குறைகிறது. அது தரக்கூடிய உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 30 சதவீதம் விழுந்துவிடும். உளுந்து பந்தாகத் திரண்டு வரும் நேரத்தில்தான் மோட்டாருக்கு அந்த விசை வேண்டும். அங்கே திணறினால் சுருள் சூடேறும்.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டே அல்சூர் பஜார் தெருவில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். கிரைண்டர், மிக்ஸி, அவற்றின் உதிரி பாகங்கள் மட்டும் விற்கும் கடை. கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், கோயம்புத்தூர்க்காரர். (வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊராயிற்றே.) நான் டிரான்ஸ்பார்மர் என்று வாயெடுத்ததுமே, "அதெதுக்குங்க டீச்சர்? அந்த ஊரு மோட்டார் போட்டதே வருது, அதை எடுத்துட்டுப் போங்க" என்றார். எதையும் விற்க முயலாமல், முதலில் ஒரு கிரைண்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டினார்: 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 150 வாட். "சில பேரு 110-ன்னு மட்டும் போட்டிருப்பாங்க. 60-ம் இருக்கான்னு பாத்து வாங்கோணும்." இதைவிடச் சரியாக என் வகுப்பில் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

விலை 8,400 ரூபாய். அதே அளவு 230 வோல்ட் மாடலை விட 1,500 அதிகம். அப்போது எனக்கு விசா நேர்காணல்கூட நடந்திருக்கவில்லை. அதற்குச் சென்னைக்கு வேறு போக வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன். "விசா வரலீன்னா மூணு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க, 230-க்கு மாத்தித் தர்றேன். மாவு ஆட்டியிருந்தாலும் பரவாயில்லீங்க" என்று பில்லின் பின்பக்கமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டில் வாரண்டி செல்லாது என்பதையும் மறைக்காமல் சொல்லி, உதிரி பெல்ட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். பரிசோதித்துப் பார்க்கத் தன் கடை டிரான்ஸ்பார்மரையும் இரண்டு நாளைக்கு இரவல் தந்தார்.

பெட்டி வீட்டுக்குள் வந்த அன்றுதான் நான் போகிறேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அத்தை இந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பியவள் மறுபடியும் ஏன் கிளம்ப வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. இங்கே என் வகுப்பில் 44 பிள்ளைகள், பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் ஆய்வகம். அந்தப் பள்ளிக்காக வீடியோவில் மாதிரி வகுப்பு எடுத்தபோது நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஊசல் நடத்தினேன். அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் பிள்ளைகள் கையால் இதை எப்படிச் செய்வார்கள் என்பதைப் பற்றித்தான். அன்றைக்கே மனசு முடிவு செய்துவிட்டது. அத்தையிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஆனால் கிரைண்டரைப் பார்த்ததும், "உளுந்து ஒண்ணுக்கு அரிசி நாலு, தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு ஆட்டணும்மா, ஒரேயடியா ஊத்திடாதே" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்ன அளவிலேயே ஆட்டிப் பார்த்தோம். ஒரு டம்ளர் உளுந்து 22 நிமிடம், நாலு டம்ளர் இட்லி அரிசி 28 நிமிடம். உளுந்து மாவு கையில் ஒட்டாமல் வழுக்கியது. ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதந்தது. வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: ஊற்றிய தண்ணீர் 25 டிகிரி, ஆட்டி முடித்த உளுந்து 30. அதே உளுந்தை மிக்ஸியில் அரைத்தபோது 38 வரை போனது. மறுநாள் இட்லி விஷயத்தில் இந்த வித்தியாசம் தெரிகிறது. பாத்திரம் சுற்றுவதைப் போனில் படம் பிடித்து எண்ணினேன், நிமிடத்துக்கு 108 சுற்று. இங்கே 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வேகம். அங்கே 130-ஐ ஒட்டி வரும்.

ஓர் எச்சரிக்கை. 60 ஹெர்ட்ஸ் மோட்டாரை இங்கே 110 வோல்ட்டில் ஓட்டினால் வழக்கத்தை விடச் சூடாகும். உளுந்து முடிந்ததும் அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் அரிசியைப் போட்டோம். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். வாங்கிய ஆசையில் வாரக்கணக்கில் இங்கேயே ஓட்டிவிடாதீர்கள்.

குறைகள் உண்டு. ஒயர் ஒரு மீட்டர்கூட இல்லை. மூடி மெலிசு, ஓடும்போது அதிர்கிறது. கூட வந்த கையேடு 230 வோல்ட் மாடலுக்கு உரியது. இதற்கென்று தனியாக ஒரு வரிகூட இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புச் சான்று முத்திரை எதுவும் என் கிரைண்டரில் இல்லை, அது முக்கியம் என்பவர்கள் முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பிளக் மட்டும் அந்த ஊர் மூன்று முனைப் பிளக்காகவே இருக்கிறது.

அரிசியை இங்கிருந்து எடுத்துப்போக நினைக்காதீர்கள். தானியத்தை அழிக்கும் காப்ரா வண்டுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்காவில் தடுத்திருக்கிறார்கள். இட்லி அரிசி அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கும்.

ஜே-1 ஆசிரியர்கள் தங்கள் நாட்டுப் பண்பாட்டைப் பள்ளியில் அறிமுகப்படுத்த வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சியாவது நடத்த வேண்டும் என்பது விதி. என் முதல் வருட நிகழ்ச்சி இந்தக் கிரைண்டர்தான். கல், உராய்வு, வெப்பம், நொதித்தல் என்று நாலு வகுப்புக்கு விஷயம் இருக்கிறது, கடைசி வகுப்பில் இட்லியும் உண்டு.

விசா போன வாரம் கிடைத்தது. கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பில்லை வாங்கித் தன் கையெழுத்தை அவரே அடித்துவிட்டுச் சிரித்தார். குழவிக் கற்களைத் தனியாகக் கழற்றி அத்தையின் பழைய நூல் புடவையில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்தாயிற்று. ஒரு பெட்டிக்கு 23 கிலோ அனுமதி. இப்போது 22.4 காட்டுகிறது. மீதி 600 கிராமில் இட்லித் தட்டு நாலும் அடங்கிவிடும் என்கிறார் அத்தை. எடை போட்டுப் பார்க்க வேண்டும்.