பழைய உலோக வீரர்களா, புதிய பிளாஸ்டிக்கா?

மேசையில் பொம்மைகளை வைத்து ஆடும் விண்வெளிப் போர் விளையாட்டுக்குப் படை சேர்க்க இன்றைக்கு மூன்று வழிகள்: எண்பது, தொண்ணூறுகளின் உலோக மினியேச்சர்கள் (சின்னப் பொம்மை வீரர்கள்), இப்போது கடைக்கு வரும் பிளாஸ்டிக் பெட்டிகள், திரவ ரெசினை இறுக்கி உருவம் செய்யும் முப்பரிமாண பிரிண்டரில் நாமே அச்சிடுவது. நான் உலோகத்தின் பக்கம் போனவன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

நுணுக்கத்தில் பிளாஸ்டிக்தான் மேல், அதில் சண்டையே இல்லை. கணினியில் வடிவமைத்து எஃகு அச்சில் வார்க்கிறார்கள். 1987இல் வார்ஹாமர் 40,000 என்ற விண்வெளிப் போர் விளையாட்டு வந்த காலத்துப் பொம்மைகளைச் சிற்பி பசைமண்ணில் கையால் செதுக்கினார், ரப்பர் அச்சைச் சுழற்றி உலோகம் வார்த்தார்கள். தலை பெரிசு, கை பெரிசு. அதே விளையாட்டுக்கு 2017இல் வந்த, பிரைமாரிஸ் என்ற உயரமான பிளாஸ்டிக் வீரன் பக்கத்தில் வைத்தால் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது ரசனை இல்லை, பெயிண்ட்டை உரிக்கும் வேலை. பழைய பொம்மை வாங்கினால் முந்தையவர் பூசிய நாலு அடுக்கு பெயிண்ட்டும் கூடவே வரும். உலோகம் என்றால் அசிட்டோனில் ஊறப்போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும், சூப்பர் குளூவும் இளகி கை, துப்பாக்கி எல்லாம் தனியாக வந்துவிடும், புதிதாகத் தொடங்கலாம். பிளாஸ்டிக்கை அதே அசிட்டோனில் போட்டால் பொம்மையே கரைந்துவிடும். மென்மையான திரவத்தில் பெயிண்ட்டை எடுத்தாலும், பிளாஸ்டிக் பசை இரு துண்டுகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுவதால் கோணலாக ஒட்டிய கையைச் சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாடு. அதனால்தான் மோசமாகப் பூசிய உலோகப் பொம்மையைத் தைரியமாக வாங்குகிறேன்.

தொல்லையும் உண்டு. வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1997 வாக்கில் ஈயமில்லாத கலவைக்கு மாறியது. அதற்கு முந்தையவற்றில் ஈயம் இருக்கும், தொட்டால் கை கழுவ வேண்டும், அரம் போட்டால் தூள் பறக்க விடக்கூடாது. ஓக் மர அலமாரியில் வைத்தால் மரம் விடும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். கண்ணாடி, உலோகத் தட்டு நல்லது. அப்புறம், பிரபலமான பழைய உருவங்களுக்குப் போலி வார்ப்புகளும் சுற்றுகின்றன.

விதிப்புத்தகம் மாறினால் பழைய பொம்மை வீணாகிவிடாதா? அது விளையாட்டைப் பொறுத்தது. 1984இல் தொடங்கிய பேட்டில்டெக் என்ற ரோபோப் போர் விளையாட்டின் அடிப்படை விதிகள் பெரிதாக மாறவில்லை, அன்றைய உலோக ரோபோவை இன்றும் மேசையில் இறக்கலாம். வார்ஹாமர் 40,000இல் விதிப்புத்தகத்தின் பதிப்புக்குப் பதிப்பு சில உருவங்கள், ஆடக்கூடியவற்றின் பட்டியலிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும்.

ரெசின் அச்சைப் பற்றிக் குறைவாகத்தான் சொல்வேன். நண்பர் அச்சிட்டவற்றைப் பூசிப் பார்த்ததோடு சரி. விவரம் அருமை, மெல்லிய வாள் நுனிகள் பட்டென்று ஒடிகின்றன. இறுகாத ரெசின் தோலில் படக்கூடாது என்பதால் கையுறை, ஆல்கஹால் கழுவல், புறஊதா விளக்கு என்று ஒரு சின்னத் தொழிற்சாலையே வேண்டும்.

ஒரே மாதிரி அறுபது காலாட்கள் வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கே வாங்குங்கள். நடக்கும் பெரிய போர் இயந்திரங்களுக்கும் அதுவே. உலோகத்தில் அவை கனத்தால் மூட்டு விட்டுப்போகும், கம்பி துளைத்துச் செருகியே ஒட்ட வேண்டும். தளபதிகளும் ஒற்றை ஆட்களும் உலோகத்தில் இருக்கட்டும்.