ஜோட்டெரோ: பட்டியல் போட மட்டுமா, படிக்கவும்தானே?

படிக்கும் நூல், கட்டுரைகளைச் சேமித்து, மேற்கோள் சான்றுகளையும் துணைநூற்பட்டியலையும் அமைத்துத் தரும் மென்பொருள் ஜோட்டெரோ. சமூக அறிவியல் மாணவர்களுக்கு அதை அறிமுகப்படுத்தும் வகுப்பு பெரும்பாலும் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரம் நெருங்கும்போதுதான் நடக்கிறது. வேர்டில் ஒரு பொத்தானைக் காட்டுவார்கள், அழுத்தினால் துணைநூற்பட்டியல் வந்து விழும், வகுப்பு முடிந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் நல்ல கருவியை அதன் பலவீனமான பக்கத்திலிருந்து தொடங்கும் வழி இது. உள்ளே இருக்கும் பிழையைத் திருத்தாமல் அழகாக அச்சிட்டுத் தருவதில் அந்தப் பொத்தானுக்கு இணை கிடையாது. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து உள்ளேயே சேர்ந்திருக்கும் பிடிஎஃப் வாசிப்புத் திரைதான் வகுப்புக்கு உண்மையில் பயன்படுவது. அதை முதல் வாரமே கையில் கொடுங்கள். வேர்டில் அந்தப் பொத்தானைச் சேர்க்கும் ப்ளகின் இரண்டு மாதம் காத்திருக்கட்டும்.

ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையம் ஒன்றில் 2006-இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்கான இணைப்பாகப் பிறந்தது இது. இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனிச் செயலியாக ஓடுகிறது. செய்தவர்கள் வரலாற்றுத் துறையினர் என்பது தெரிகிறது: நேர்காணல், கையெழுத்துப் படி, கடிதம், நாளிதழ்ச் செய்தி, சட்டம் எனத் தனித்தனி ஆவண வகைகள் உண்டு. ஆய்விதழ்க் கட்டுரையைத் தாண்டிப் படிப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

வாசிப்புத் திரையில் ஹைலைட் செய்ய எட்டு வண்ணங்கள் இருக்கின்றன. எந்த வண்ணம் எதற்கு என்று முன்கூட்டியே வகுத்துக் கொடுக்காவிட்டால் பக்கம் முழுவதும் மஞ்சளாகத்தான் திரும்பி வரும். ஆறு போதும். கட்டுரையின் மைய வாதத்துக்கு மஞ்சள், அதைத் தாங்கும் தரவுக்குப் பச்சை, கருத்தாக்க வரையறைக்கு நீலம், ஆய்வு முறைக்கு ஊதா, வாசிப்பவரின் ஐயத்துக்குச் சிவப்பு. ஆறாவதான ஆரஞ்சுதான் முக்கியம்: கட்டுரையாசிரியர் தன் கருத்தைச் சொல்லாமல் பிறர் கருத்தை எடுத்துரைக்கும் இடங்களுக்கு அது.

சமூக அறிவியல் கட்டுரையில் மாணவர் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். தான் மறுக்கப்போகும் தரப்பை ஆசிரியர் இரண்டு பக்கம் நியாயமாக, அனுதாபத்தோடுகூட விளக்குவார். மூன்றாம் பக்கத்தில் ஒரு “ஆனால்” வரும். அந்த “ஆனால்” வருவதற்கு முன்பே மாணவர் நல்ல வரி கிடைத்தது என்று ஹைலைட் செய்து, ஆசிரியர் பெயரிலேயே எழுதிவிடுவார். விளைவு, எதிர்த்தரப்பின் வாதம் ஆசிரியர் தலையில் ஏறும். மாணவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். சான்று, ஆண்டு, பக்க எண் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆரஞ்சு வண்ணத்தைக் கட்டாயமாக்கினால், ஒவ்வொரு பத்தியிலும் “இது யார் குரல்?” என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. பக்கவாட்டுப் பட்டையில் வண்ணத்தைத் தேர்ந்தால் அந்த வண்ணக் குறிப்புகள் மட்டும் தெரியும். பாடம் நடத்துபவர் ஆரஞ்சை மட்டும் வடிகட்டிப் பார்த்தாலே யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹைலைட்டுக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும். இருபது பக்கக் கட்டுரைக்குப் பன்னிரண்டு என்பது நல்ல கணக்கு. ஒவ்வொன்றின் கீழும் உள்ள குறிப்புப் பெட்டியில் சொந்த வாக்கியம் ஒன்று இருக்க வேண்டும். குறிப்பு எழுத முடியாத ஹைலைட்டை நீக்கிவிடலாம்.

படித்து முடித்ததும், கட்டுரையின் மேல் வலது சொடுக்கில் வரும் கட்டளை எல்லாவற்றையும் ஒரே குறிப்பாகத் திரட்டித் தரும். ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிக்குள், ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணோடு வரும். சொடுக்கினால் பிடிஎஃப்பின் அதே இடத்துக்குத் திரும்பலாம். வசதியும் ஆபத்தும் இங்கேதான் சேர்ந்திருக்கின்றன. அசல் வரி முதலிலும் மாணவரின் சொந்த வாக்கியம் கடைசியிலும் வருவதால், கட்டுரை எழுதும்போது கண் அசலிலேயே நிற்கும். நான்கு சொல்லை மாற்றி ஒட்டுப்போட்ட பத்தி பிறக்கும். அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் உள்ள கான்ஃபிக் எடிட்டரில் இந்தக் குறிப்புக்கான வார்ப்புரு இருக்கிறது. அதில் மாணவரின் குறிப்பை முன்னாலும் அசல் வரியைப் பின்னாலும் மாற்றி வைத்துவிடலாம். சிறிய மாற்றம்தான், எழுத்தில் வித்தியாசம் தெரியும். இன்னொன்று: திரட்டிய குறிப்பு ஒரு நகல். பிறகு பிடிஎஃப்பில் ஹைலைட்டைத் திருத்தினால் குறிப்பு தானாக மாறாது.

பக்க எண்ணை அப்படியே நம்பிவிடக்கூடாது. கட்டுரை ஆய்விதழில் 245-ஆம் பக்கத்தில் தொடங்கியிருக்கும், ஆனால் பிடிஎஃப்பில் அது முதல் பக்கம். ஜோட்டெரோ பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கும்; தவறினால் குறிப்பின் மூன்று புள்ளி மெனுவில் பக்க எண்ணைத் திருத்தும் வழி உண்டு. முதல் ஹைலைட்டிலேயே சரிபார்த்துவிட்டால் பிற்பாடு தலைவலி இல்லை. ஸ்கேன் செய்த நூற்பக்கங்கள் வெறும் படமாக இருந்து, தேர்ந்தெடுக்கக்கூடிய எழுத்தடுக்கு இல்லாவிட்டால் வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாது, பகுதியைப் படமாகத்தான் வெட்டலாம். படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் எழுத்துணரி (ஓசிஆர்) இதில் கிடையாது. வேறு மென்பொருளில் முடித்துக்கொண்டு வர வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த தமிழ் பிடிஎஃப் என்றால் ஹைலைட் செய்த வரி குறிப்பில் புரியாத எழுத்துகளாக வந்து நிற்கும்.

இனி எழுதும் பக்கம். பிரவுசர் இணைப்பு ஆய்விதழின் தளத்தில் நன்றாகவே தகவல்களை எடுக்கிறது. ஆனால் எடுத்ததைக் கண்ணால் பார்க்காமல் விட்டால் நான்கு பிழைகள் திரும்பத் திரும்ப வரும். உலக வங்கி போன்ற அமைப்பின் ஆங்கிலப் பெயர் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு பெட்டிகளில் விழுந்தால், பட்டியலில் “வங்கி, உ.” என்ற பாணியில் ஓர் ஆள் முளைப்பார். பெயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள பொத்தானால் ஒற்றைப் பெட்டியாக மாற்ற வேண்டும். குடும்பப்பெயர் இல்லாதவர்களுக்கும் இதே வழிதான். தொகுப்பு நூலில் ஒரு கட்டுரையை மட்டும் படித்தவர் முழு நூலையே சேமித்துவிட்டால், எழுதியவர் மறைந்து தொகுப்பாசிரியர் சான்றாக நிற்பார். நூலின் மேல் வலது சொடுக்கி நூற்பகுதியாக ஒரு பதிவை உருவாக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத் தலைப்புகளைச் சாதாரண வாக்கிய எழுத்தில், அதாவது முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்படி, சேமிப்பதே நல்லது. ஜோட்டெரோ அதைப் பெரிய எழுத்துப் பாணிக்கு மாற்றிக்கொள்ளும், மறுபக்கம் தானாகத் திரும்பாது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் சான்று முறையான ஏபிஏ பாணி கேட்பதோ வாக்கிய எழுத்து.

நான்காவது பிழை செவ்வியல் நூல்களுடையது. தற்கொலை பற்றி பிரெஞ்சு சமூகவியலாளர் டர்க்கைம் எழுதிய நூல் 1897-இல் வெளியானது, ஆங்கில மொழிபெயர்ப்பு 1951-இல். பதிவில் 1951 மட்டும் இருந்தால், 1917-இல் இறந்த மனிதர் 1951-இல் வாதிட்டதாகக் கட்டுரை சொல்லும். எக்ஸ்ட்ரா என்ற பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரிஜினல் டேட் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு 1897 என்று சேர்த்தால், ஏபிஏ பாணியில் 1897/1951 என்று வரும். எந்தச் சிந்தனை எந்தக் காலத்துக்கு உரியது என்பதை இந்த ஒரு பெட்டி நாலு விரிவுரைக்குச் சமமாகப் புரியவைக்கும்.

ப்ளகினில் சான்றைச் செருகும்போது பெயர்க் குமிழைச் சொடுக்கினால் பக்க எண்ணும், ஆசிரியர் பெயரை விடும் தேர்வும் தெரியும். வாக்கியத்திலேயே “டர்க்கைம் சொல்வதுபோல” என்று எழுதியவர் அந்தத் தேர்வைக் குறிக்காவிட்டால் பெயர் இரண்டு முறை வரும். வந்த சான்றைக் கையால் திருத்துவதும் வேண்டாம், அடுத்த புதுப்பிப்பில் அது அழிந்துபோகலாம். கூகுள் டாக்ஸில் எழுதியதை நேராக வேர்ட் கோப்பாக இறக்கினால் சான்றுகள் உயிரற்ற எழுத்தாகிவிடும். மென்பொருள் மாற்றத்துக்கென்று தனிக் கட்டளை மெனுவில் இருக்கிறது.

வகுப்புக்குத் தனிப்பட்ட குழு நூலகம் ஒன்று திறந்து, வாரம் ஒரு கட்டுரையை அதில் வைத்தால், ஒரே பிடிஎஃப்பில் எல்லோருடைய ஹைலைட்டும் பெயரோடு தெரியும். ஒரே பத்தியை ஒருவர் மஞ்சளாகவும் இன்னொருவர் ஆரஞ்சாகவும் குறித்திருந்தால் அன்றைய விவாதத்துக்கு வேறு கேள்வியே தேவையில்லை. கோப்புகளுக்கான இலவச இடம் 300 எம்பி, குழுவின் கோப்புகள் குழுவைத் திறந்தவரின் கணக்கில் சேரும். 20 எம்பி ஸ்கேன்கள் பதினைந்து போட்டால் தீர்ந்தது. மேலும் வேண்டுமானால் ஆண்டுக் கட்டணம். இடத்தை மிச்சப்படுத்த எண்ணி ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை ட்ராப்பாக்ஸிலோ ஒன்ட்ரைவிலோ வைப்பவர்கள் உண்டு, தரவுத்தளம் பழுதாகலாம்.

பெரிய குறை ஒன்று மிச்சம். பல கட்டுரைகளை ஒரே அட்டவணையில் வைத்து, கேள்வி, முறை, முடிவு என்று வரிசைக்கு வரிசை ஒப்பிடும் வசதி இதில் இல்லை. குறிப்புகள் கட்டுரைவாரியாக நிற்பதால், முன்பு வந்த ஆய்வுகளைத் தொகுத்துரைக்கும் ஆய்வு முன்னோட்டமும் “இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்” என்று வரிசையாகவே எழுதப்பட்டுவிடுகிறது. ஒரே பதிவை நகலெடுக்காமல், ஜோட்டெரோவின் பல தொகுப்புகளில் (கோப்புறை போன்றவை) வைக்கலாம் என்பதால், ஆசிரியர் பெயருக்குப் பதில் விவாதப் புள்ளியின் பெயரில் தொகுப்புகளை அமைக்கச் சொன்னால் பாதித் தூரம் கடக்கலாம். மீதித் தூரத்துக்கு ஒரு தாளில் கட்டம் போட வேண்டியதுதான். பத்துக் கட்டுரைகளுக்கு ஒரு பெரிய தாள் போதும்.