மழை ஜாக்கெட்டும் ஒரு டோக்கனும்: என் 18,400 ரூபாய் போன விதம்

மழை ஜாக்கெட் விற்ற கடையிலிருந்து இன்று காலைதான் கடைசி மின்னஞ்சல் வந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை. 18,400 ரூபாய்! ஜாக்கெட்டுக்கு 14,900, அதனுடன் வந்த 'டிஜிட்டல் உரிமை டோக்கனுக்கு', அதாவது ஜாக்கெட் என்னுடையது என்று இணையத்தில் பதியும் சான்றுக்கு, 3,500. மலையேறுகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் கோவைக்காரன். பத்து வருடமாக மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறேன். பாதை நெடுக, ஒரே மழையில் கிழிந்துபோன பிளாஸ்டிக் கோட்டுகள் புதரில் தொங்கும். அதைப் பார்த்துப் பார்த்து, இனி வாங்கினால் பத்து வருடம் உழைக்கிற ஒன்றைத்தான் வாங்குவது என்று இருந்தேன். அந்த ஆசையைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆன்லைனில் விற்கிற ஒரு வெளிப்பயண உடைக் கடை, இங்கே ஒரு மாலில் ஸ்டால் போட்டிருந்தது. பெயர் வேண்டாம், புகார் நடக்கிறது. அங்கிருந்த பையன் ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, தையல் மேல் ஒட்டியிருந்த நீர்த்தடுப்பு டேப்பைக் காட்டினான். "பழைய பெட் பாட்டிலை உருக்கி நூலாக்கி நெய்ததுங்ண்ணா" என்றான். காலருக்குள் ஒரு கியூஆர் குறியீடு. என் போனிலேயே ஸ்கேன் செய்யச் சொன்னான். ஜாக்கெட்டின் எண் திரையில் வந்தது, வாங்கும் தேதிக்கும் வாங்குபவர் பெயருக்கும் இடம் இருந்தது. பல கணினிகளில் நகல் வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். "வாங்கினா இது உங்க பேர்ல பிளாக்செயின்ல இருக்கும்ங்ண்ணா. கடையே இல்லாமப் போனாலும் யாராலயும் அழிக்க முடியாது."

டோக்கன் இருக்கும்வரை இலவசப் பழுதுபார்ப்பு. போதும் என்று திருப்பிக் கொடுத்தால் விலையில் 40 சதவீதம் கையில். எங்கே எப்போது தைத்தார்கள் என்ற விவரத்தோடு டோக்கன் அடுத்தவருக்கு மாறும். அதனால் யாரும் துணியைத் தூக்கி எறிய மாட்டார்கள் என்றான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இந்த யோசனை நல்ல யோசனை என்று இப்போதும் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி துணிமணிகளுக்கும், பொருளின் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. ஆனால் அங்கே அது விற்பவனைக் கட்டுப்படுத்தும் சட்டம். எனக்குக் கிடைத்தது ஒரு பையனின் வாய்வார்த்தை.

நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. பிளாக்செயின் கரண்டைத் தின்னுமே, இதில் என்ன பசுமை என்று கேட்டேன். எத்தீரியம் என்ற பிளாக்செயின், கணினிகளைப் போட்டி போடவைத்துக் கரண்டைத் தின்னும் மைனிங் முறையையே 2022 செப்டம்பரில் விட்டுவிட்டது, மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது என்று பட்டென்று சொன்னான். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், உண்மைதான். அந்த ஒரு உண்மைதான் என்னைக் கவிழ்த்தது. இதைச் சரியாகச் சொன்னவன் மற்றதையும் சரியாகத்தான் சொல்லியிருப்பான் என்று நம்பி, மறுநாளே போய்ப் பணம் கட்டினேன்.

மூன்றாவது பயணம் நீலகிரிக்கு, ஐப்பசி மழையில். ஒரு மணி நேரத்தில் தோள் நனைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் டேப் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வருகிறது. உள்ளே சட்டை முழுக்க ஈரம், குளிரில் பல் கிட்டிப்போனது.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. முதலில் ஒரு புகார் எண் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் பேச்சில்லை. பிறகு, வாலெட்டை, அதாவது டோக்கனை வைத்திருக்கும் டிஜிட்டல் கணக்கை, இணைத்து டோக்கனைக் காட்டுங்கள் என்றார்கள். அந்த வாலெட்டை என் மின்னஞ்சலில் திறந்து கொடுத்ததே அவர்கள்தான். அந்தப் பக்கம் இப்போது திறப்பதில்லை. அதைச் சொன்னதும், வேறு பிளாக்செயினுக்கு மாறுகிறோம், டோக்கனை மாற்ற 650 ரூபாய் கட்டுங்கள் என்றார்கள். நல்லவேளை, கட்டவில்லை. போனில் பேசிய பெண், "சார், டோக்கன் டீம் வேற, நாங்க வேற" என்று வைத்துவிட்டார். ஸ்டாலில் இருந்த பையனைக் கூப்பிட்டேன். "நான் அங்கிருந்து நின்னுட்டேங்ண்ணா" என்றான். இன்று காலை வந்த மின்னஞ்சலில் இரண்டே வரி: உங்கள் டோக்கன் பாதுகாப்பாக உள்ளது, பழுதுபார்ப்புச் சேவை நிறுத்தப்பட்டுள்ளது.

ஐடியில் இருக்கும் என் நண்பன் அந்த டோக்கனை பிளாக்செயின் பதிவேட்டில் தேடி எடுத்துக் காட்டினான். ஒரு எண், என் வாலெட் முகவரி, ஒரு இணைப்பு. அவ்வளவுதான்! இலவசப் பழுதுபார்ப்பு என்று ஒரு எழுத்து இல்லை, 40 சதவீதமும் இல்லை. அந்த இணைப்பும் கடையின் சர்வருக்குத்தான் போகிறது, திறந்தால் வெறும் பக்கம். வாக்குறுதிகள் இருந்தது கடையின் தளத்தில், விதிமுறைப் பக்கத்தில். அங்கே இப்போது 'தேர்ந்தெடுத்த பொருள்களுக்கு மட்டும்' என்று மாற்றிவிட்டார்கள். பழைய பக்கத்தை நான் படமெடுத்து வைக்கவில்லை. அழிக்க முடியாதது டோக்கன் மட்டும்தான். வாக்குறுதியை ஒரே நாளில் அழித்துவிடலாம்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பழுதுபார்ப்பு, திரும்ப வாங்குவது எல்லாம் பில்லிலேயே எழுதித் தந்தால்தான் வாங்குங்கள். விதிமுறைப் பக்கத்தை அன்றைக்கே படமெடுத்து வையுங்கள். டோக்கனை மாற்ற என்று மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வாலெட்டைத் திறக்கும் ரகசியச் சொற்களை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நானும் 1915-இல் பதிந்துவிட்டேன். இணைய விற்பனைக்கான 2020 விதிகளின்படி கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்களின் தளத்தில் அப்படி ஒருவர் பெயரே இல்லை. புகாரோடு இணைக்கச் சற்று முன் பில்லைத் தேடி எடுத்தேன். அதில் 14,900 மட்டும்தான் இருக்கிறது. டோக்கனுக்குக் கட்டிய 3,500 ரூபாய்க்கு பில்லே போடவில்லை.